வெளிநாட்டு உதவியும் உள்ளூர் ஸ்தாபனங்களும்

(திருநாவலூரில், ஊராட்சி மன்றத்தினரும் மகளிர் குழுக்களின் ஊக்குநர்களும் தொண்டர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை.)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், முதலில் கேட்பதற்குக் கிராமத்துக்குத் தொலைவானதாகத் தோன்றலாம். வெளிநாட்டு உதவி என்றவுடன், அது டில்லியிலும் சென்னையிலும் பேசப்பட வேண்டிய விஷயம், கெடிலக் கரையில் உழுது பயிரிட்டு வாழும் நமக்கு அதில் என்ன பங்கு என்று எண்ணத் தோன்றும். ஆனால் இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்களின் கைப்பையில் உள்ள குழுப் புத்தகத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், அதன் முதல் பக்கங்களில் ரோமாபுரியில் இயங்கும் ஒரு ஸ்தாபனத்தின் பணமும் கலந்திருப்பது தெரியவரும். ஆகவே இப்பொருள் நமக்கு அந்நியமானது அன்று.

வெளிநாட்டிலிருந்து நம் நாட்டுக்கு வளர்ச்சிப் பணிக்கென வரும் பணம் இரண்டு வாய்க்கால்களில் பாய்கிறது. ஒன்று, பிற நாட்டு அரசாங்கங்களும் சர்வதேச ஸ்தாபனங்களும் நம் அரசாங்கத்துக்குக் கடனாகவோ நன்கொடையாகவோ அளிப்பது. மற்றொன்று, வெளிநாட்டு மக்களும் அறநிலையங்களும் இங்குள்ள தொண்டு ஸ்தாபனங்களுக்கு நேரே அளிப்பது. இரண்டு வாய்க்கால்களுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. தலைமடையில் திறந்துவிடப்படும் நீரில் கடைமடைக்கு எவ்வளவு வந்து சேருகிறது? அது வந்து சேரும்போது, அதை எந்த வயலுக்குத் திருப்புவது என்று முடிவு செய்யும் உரிமை யாருடைய கையில் இருக்கிறது? இக்கேள்விகளையே இன்று நாம் ஆராய விரும்புகிறோம்.

தொடக்க காலம்

சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளிலேயே இக்கேள்வி எழுந்துவிட்டது. 1952ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இந்தியாவும் அமெரிக்காவும் தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளில், 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. ஊழியர்களைப் பயிற்றுவிப்பதற்கு போர்டு அறநிலையமும் பொருளுதவி செய்தது. கிராம சேவகர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள்; கிணறுகள் வெட்டப்பட்டன; சாலைகள் போடப்பட்டன; மக்களும் உழைப்புத் தானம் செய்தார்கள்.

ஆயினும் ஐந்தாண்டுகள் கழித்து, 1957ஆம் ஆண்டில், பல்வந்தராய் மேத்தா அவர்களின் தலைமையில் அமைந்த குழு இத்திட்டத்தை ஆராய்ந்தபோது பெரிய குறை ஒன்றைக் கண்டது. திட்டம் மக்களுக்காக நடந்ததேயன்றி, மக்களால் நடத்தப்படவில்லை. உள்ளூரில் அதிகாரமும் பொறுப்பும் பெற்ற ஸ்தாபனம் இல்லாத இடத்தில், மேலிருந்து வரும் உதவி நின்றவுடன் ஊக்கமும் நின்றுவிடுகிறது என்பதே அக்குழுவின் முடிவின் சாரம். அதன் பயனாகவே ஊராட்சிகளுக்கும் ஊராட்சி ஒன்றியங்களுக்கும் வளர்ச்சிப் பணிகள் ஒப்படைக்கப்பட்டன. சென்னை ராஜ்யத்தில் 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி, 1960ஆம் ஆண்டு முதல் ஊராட்சி ஒன்றியங்கள் படிப்படியாக அமைக்கப்பெற்றன. திருநாவலூர் ஒன்றியமும் கல்வராயன் மலை ஒன்றியமும் இன்று நமக்கு இருக்கின்றன என்றால், ஒன்றிய ஆட்சி என்னும் அமைப்புக்கு வித்திட்டது அக்காலத்தில் கற்ற அந்தப் பாடமே ஆகும்.

பின்னர் வந்த உதவிகள்

அதன் பிறகு பல நாடுகளின் உதவி தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தது. சுவீடன் நாட்டின் உதவியுடன் 1981ஆம் ஆண்டளவில் சமூகக் காடுகள் வளர்க்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. ஏரி உள்வாய்களிலும் புறம்போக்கு நிலங்களிலும் கருவேல மரங்கள் நடப்பட்டன. டென்மார்க்கின் உதவியுடன் 1986ஆம் ஆண்டில் பண்ணை மகளிருக்கான பயிற்சித் திட்டம் தோன்றியது. பயிற்சி பெற்ற பெண்மணி தாம் கற்றதை அண்டை அயலிலுள்ள மகளிருக்குக் கற்பிக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஜப்பானின் கடனுதவியுடன் 1997ஆம் ஆண்டில் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியபோது, கிராம வனக்குழுக்கள் அமைக்கப்பட்டுக் காட்டைப் பேணும் பொறுப்பில் மக்களுக்கும் இடம் அளிக்கப்பட்டது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மரம் மட்டும் நடப்பட்ட இடத்தில், மரம் வெட்டப்பட்டவுடன் திட்டத்தின் நினைவும் மறைந்தது. மனிதருக்குப் பயிற்சி அளிக்கப்பட்ட இடத்தில், அப்பயிற்சி அவர் வாழ்நாள் முழுவதும் அவருடன் இருந்தது. ஸ்தாபனம் ஒன்று உருவான இடத்திலோ, அவருக்குப் பின்னும் பணி தொடர்ந்தது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நம் ஜில்லாவிலேயே உள்ளது.

மகளிர் குழுக்கள் காட்டும் பாடம்

1989ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் கடனுதவியுடன், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தர்மபுரி ஜில்லாவில் தொடங்கப்பெற்றது. பின்னர் அது சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் ஜில்லாக்களுக்கும் விரிவடைந்தது. அப்போது திருநாவலூர் தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1993ஆம் ஆண்டில் விழுப்புரம் ஜில்லா பிரிந்ததும், 2019ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானதும் அதன் பிறகே. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் திட்டத்தை நடத்தியது. இந்தியன் வங்கி கடன் வழங்கியது. குழுக்களை அமைத்துப் பழக்கும் பணியைத் தொண்டு ஸ்தாபனங்கள் ஏற்றன.

இத்திட்டத்தின் சிறப்பு அதில் வந்த பணத்தின் அளவில் இல்லை. பணம் வந்த முறையில் இருந்தது. பன்னிரண்டு முதல் இருபது மகளிர் வரை ஒரு குழுவாகச் சேர்ந்தனர். அவர்கள் முதலில் செய்தது கடன் கேட்பதன்று. வாரந்தோறும் தம்மால் இயன்ற சிறு தொகையைச் சேமிப்பது. சேமித்த பணத்திலிருந்தே ஒருவருக்கொருவர் உள்கடன் கொடுத்தனர். யாருக்கு முதலில் கொடுப்பது, வட்டி எவ்வளவு, தவணை தவறினால் என்ன செய்வது என்பவற்றையெல்லாம் அவர்களே கூடி முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதினர். ரொக்கப் புத்தகமும் பேரேடும் எழுதக் கற்றனர். குழு சில மாதங்கள் இவ்வாறு ஒழுங்காக நடந்த பின்னரே அதன் தரத்தை மதிப்பிட்டு வங்கி கடன் கொடுத்தது.

தாய்மார்களே, இங்குள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். வெளியிலிருந்து வந்த பணம் குழுவின் சேமிப்புக்கு முன்னால் வரவில்லை, பின்னால் வந்தது. ஆகவே அப்பணம் குழுவுக்கு எஜமானன் ஆகவில்லை, துணையாயிற்று. ரோமாபுரியின் உதவி 1990களின் இறுதியில் முடிவடைந்தது. ஆனால் குழுக்கள் கலைந்து போகவில்லை. மாறாக, 1997-98ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசாங்கம் தன் சொந்த நிதியிலிருந்து மகளிர் திட்டத்தைத் தொடங்கி, படிப்படியாக எல்லா ஜில்லாக்களுக்கும் பரப்பியது. இதற்கிடையே 1992ஆம் ஆண்டில் நபார்டு வங்கி 500 குழுக்களுடன் தொடங்கிய வங்கி இணைப்புச் சோதனையும் நாடெங்கும் பரவியது. வெளிநாட்டு உதவி வெற்றி பெற்றதா என்பதற்கு இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை. உதவி போன பிறகு எது எஞ்சி நிற்கிறது என்பதே அது.

அடுத்த படி 2005ஆம் ஆண்டில் எடுத்து வைக்கப்பட்டது. உலக வங்கியைச் சேர்ந்த சர்வதேச அபிவிருத்திச் சங்கத்தின் 12 கோடி டாலர் கடனுடன் புது வாழ்வுத் திட்டம் வந்தது. அதில் ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் அமைக்கப்பெற்று, பணம் தவணைகளாக அச்சங்கத்தின் கணக்குக்கே அனுப்பப்பட்டது. ஊரில் மிக வறியவர் யார், ஊனமுற்றோர் யார் என்பதை மக்களே கூடி ஆராய்ந்து பட்டியலிட, கிராம சபை அதனை ஏற்றது. செலவைச் சரிபார்க்க சமூகத் தணிக்கைக் குழு என ஒன்று தனியே அமைந்தது. எழுத்தும் கணக்கும் அதிகம் அறியாத ஊர்கள் இவ்வளவு பணத்தை எவ்வாறு ஆளும் என்று ஐயுற்றவர்கள் பலர். எழுதத் தெரிந்த பெண் ஒருவர், கேட்கத் தயங்காத சபை ஒன்று, சுவரில் எழுதப்பட்ட கணக்கு ஒன்று, இம்மூன்றும் இருக்கும் ஊரில் பணத்தை ஆள முடியும் என்பதே அந்த ஐயத்துக்கு விடை.

இவை கடன்கள் என்பதையும் மறத்தலாகாது. ரோமாபுரியின் பணமும் உலக வங்கியின் பணமும் இலவசமாக வந்தவை அல்ல. நாட்டு மக்களின் வரிப்பணத்திலிருந்து திருப்பிச் செலுத்தப்படுபவை. திருப்பிச் செலுத்துவோர் நாம். ஆகவே எவ்வாறு செலவிட வேண்டும் என்று சொல்லும் உரிமையும் நமக்கு உண்டு.

சுந்தரர் காட்டிய வழி

திருநாவலூரில் நின்று பணத்தைப் பற்றிப் பேசுகையில், இவ்வூரில் அவதரித்த சுந்தரமூர்த்தி நாயனாரை நினையாதிருக்க இயலாது. திருமுதுகுன்றத்தில் இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்ற அவர், அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத் திருக்குளத்தில் எடுத்தார் என்பது பெரிய புராண வரலாறு. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்னும் பழமொழி இன்றும் நம் ஊர்களில் வழங்குகிறது. பக்திக் கண்கொண்டு பார்ப்பவர்களுக்கு அது இறைவனின் திருவிளையாடல். நிர்வாகக் கண்கொண்டு பார்த்தாலும் அதில் ஓர் அரிய கருத்து உள்ளது.

சுந்தரர் பொன்னை ஆற்றில் இடுமுன் அதிலிருந்து மச்சம் வெட்டி எடுத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு ஒப்பிட்டு மாற்று உரைத்துப் பார்த்தபோது, முதலில் மாற்றுக் குறைந்திருந்தது. அவர் அத்துடன் அமைதி கொள்ளவில்லை. மீண்டும் இறைஞ்சி முழு மாற்றும் பெற்றார். மாற்று உரைத்த பிள்ளையார் என்னும் பெயரால் அந்நிகழ்ச்சி இன்றும் நினைவு கூரப்படுகிறது.

இக்காலத்தில் ஆற்றில் இடப்படும் பொன் பல. குளத்தில் எடுக்கும் பொன்னை மாற்று உரைப்பதற்கு மச்சம் மட்டும் நம் கையில் இருப்பதில்லை. மேலே எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எப்பணிக்கு ஒதுக்கப்பட்டது என்பது ஊருக்குத் தெரியாவிட்டால், வந்து சேர்ந்தது முழுமையா குறைவா என்று எவ்வாறு கூறுவது? ஒரு கணக்கு மட்டும் பார்ப்போம். நூறு ரூபாய் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் நான்கு ஸ்தாபனங்கள். ஒவ்வொன்றும் தன் அலுவலகச் செலவுக்கென்று நியாயமாகவே பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், கடைசியில் ஊருக்கு வருவது 65 ரூபாய் 61 காசு. இங்கு எவரும் களவு செய்யவில்லை. படிகள் பல என்பதே குறைவுக்குக் காரணம். படிகளைக் குறைக்க வேண்டும் என்று நாம் கோருவதன் பொருள் இதுவே.

உலகம் ஒப்புக்கொண்ட குறை

இக்குறையை உதவி அளிக்கும் நாடுகளே ஒப்புக்கொண்டிருக்கின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை நம் கடலூர், நாகப்பட்டினக் கரைகளைத் தாக்கியபோது உலகெங்குமிருந்து உதவி குவிந்ததை நாம் அறிவோம். பல நாடுகளில் நடந்த அம்மீட்புப் பணிகளைப் பற்றிப் பல ஸ்தாபனங்கள் சேர்ந்து செய்த மதிப்பீடு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வெளியிலிருந்து வந்த பெரிய ஸ்தாபனங்கள் உள்ளூர் மக்களின் ஆற்றலைத் துணைகொள்வதற்குப் பதில் பல இடங்களில் அதனை ஒதுக்கித் தள்ளின என்று அது கூறியது.

2016ஆம் ஆண்டு மே மாதத்தில் இஸ்தான்புல் நகரில் கூடிய மாநாட்டில், துயர்துடைப்பு நிதியில் 25 சதவீதம் 2020ஆம் ஆண்டுக்குள் உள்ளூர், உள்நாட்டு ஸ்தாபனங்களுக்குக் கூடியவரை நேரே செல்ல வேண்டும் என்று பெரிய நாடுகளும் ஸ்தாபனங்களும் உறுதி கூறின. குறித்த காலத்தில் அவ்வுறுதி நிறைவேறவில்லை. அமெரிக்க அரசாங்கத்தின் உதவி ஸ்தாபனமும் 2021ஆம் ஆண்டில் இதே போன்று 25 சதவீத இலக்கை அறிவித்தது. ஆயினும் அதன் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டியே நின்றது. 2025ஆம் ஆண்டில் அந்த ஸ்தாபனமே மூடப்பட்டு, எஞ்சிய பணிகள் அந்நாட்டு வெளிவிவகார இலாகாவுடன் சேர்க்கப்பட்டன. பல நாடுகளில் மருத்துவப் பணிகள் திடீரென நின்றன. தூரத்து மழையை நம்பிக் கிணறு தூர்த்தவர் நிலை என்னவாகும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

இதற்கு மாறான உதாரணமும் ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டில் வங்காள தேசத்தில் பசல் ஹசன் ஆபெத் என்பவர் போரில் சிதைந்த கிராமங்களைச் சீரமைக்கத் தொடங்கிய பிராக் என்னும் ஸ்தாபனம், தொடக்கத்தில் வெளிநாட்டு நன்கொடைகளையே நம்பியிருந்தது. அந்நாட்டவராலேயே நடத்தப்பெற்ற அது, கிடைத்த நன்கொடையைக் கொண்டு கைத்தொழில் கடைகளையும் பால் தொழிலையும் கடன் பணியையும் அமைத்து, நாளடைவில் தன் செலவின் பெரும்பகுதியைத் தானே ஈட்டிக்கொள்ளும் நிலையை அடைந்தது. உள்ளூர்க் கையில் சேர்ந்த உதவி அந்தக் கையை வலுப்படுத்த முடியும் என்பதற்கு இது சான்று.

சட்டமும் சிறிய ஸ்தாபனங்களும்

இனி இரண்டாவது வாய்க்காலுக்கு வருவோம். வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்த 1976ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. அதற்குப் பதிலாக 2010ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்தது. 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் அது திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்படி, வெளிநாட்டு நன்கொடை பெற்ற ஒரு ஸ்தாபனம் அதனை மற்றொரு ஸ்தாபனத்துக்குக் கைமாற்றுதல் ஆகாது. நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பணம் முதலில் டில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளையில் திறக்கப்படும் கணக்குக்கே வந்து சேர வேண்டும். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றமும் இத்திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அந்நியப் பணம் நாட்டின் நலனுக்கு மாறாகப் பயன்படாதபடி காப்பது அரசாங்கத்தின் கடமை. அதில் இரு கருத்து இருக்க முடியாது. கைக்குக் கை மாறும் பணம் எங்கே போய் முடிந்தது என்று கண்டறிவது கடினம் என்பதும் மெய்யே. ஆயினும் இவ்விதிகளின் பாரம் பெரிய ஸ்தாபனத்தின் மேல் விழுவதைவிடச் சிறிய ஸ்தாபனத்தின் மேல் மிகுதியாக விழுகிறது என்பதையும் கூற வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

2020ஆம் ஆண்டின் ஏற்பாட்டின்படி பதிவு பெற விரும்பும் ஸ்தாபனம் குறைந்தது மூன்று ஆண்டுகள் நடந்திருப்பதோடு, அம்மூன்று ஆண்டுகளில் தன் பணிகளுக்காகப் பதினைந்து லட்சம் ரூபாயும் செலவிட்டிருக்க வேண்டும். அதாவது சராசரி ஆண்டுக்கு ஐந்து லட்சம். மலையூர் ஒன்றில் மாலைப் பள்ளி நடத்தும் இளைஞர் சங்கம் ஐந்து லட்சத்துக்கு எங்கே போகும்? முன்னர், நகரத்திலுள்ள பெரிய ஸ்தாபனம் பணத்தைப் பெற்று, சட்டம் அனுமதித்த வகையில் சிறிய ஸ்தாபனங்களுக்குப் பகிர்ந்தளிக்க வழியிருந்தது. இப்போது அவ்வழி அடைபட்டது. ஆகவே பெரிய ஸ்தாபனம் தானே ஊருக்கு வந்து பணியைச் செய்ய வேண்டும். அல்லது அவ்வூர் அதன் பட்டியலிலிருந்து விடுபட வேண்டும். இவ்விரண்டில் எது நேர்ந்தாலும் உள்ளூர்ச் சங்கம் வளர்வதில்லை.

நிர்வாகச் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து லட்சம் ரூபாய் பெறும் ஒரு சங்கம் நிர்வாகத்துக்கு ஆண்டில் ஒரு லட்சம் செலவிடலாம். அது மாதத்துக்கு எட்டாயிரத்து முந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். அதற்குள் கணக்கரின் சம்பளமும் அலுவலக வாடகையும் தணிக்கைச் செலவும் அடங்க வேண்டும். ஐந்து கோடி பெறும் ஸ்தாபனத்துக்கோ அதே விகிதத்தில் ஒரு கோடி கிடைக்கும். விகிதம் ஒன்றாயினும் நிலைமை ஒன்றாகாது. ஒழுங்கான கணக்கு வேண்டும் என்று கேட்பவர்கள், கணக்கு எழுதுவோருக்குக் கூலி வேண்டும் என்பதையும் எண்ண வேண்டும்.

உள்ளூர் என்பது யார்?

உள்ளூர் ஸ்தாபனங்களுக்கே பணம் போக வேண்டும் என்று கூறும்போது, உள்ளூர் என்றால் யார் என்னும் கேள்வியை நாம் மறைத்துவிடக் கூடாது. கல்வராயன் மலைச் சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1976ஆம் ஆண்டு வரை அம்மலை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. ஜாகீர்தாரும் உள்ளூர்க்காரரே! ஆயினும் மலைவாழ் மக்கள் அங்கு அடிமைப்பட்டு உழன்றார்கள். ஆகவே ஊரில் இருப்பவர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் ஊருக்கு உரியவர் ஆகிவிடமாட்டார். நிலமும் சாதியும் உறவும் செல்வாக்கும் கொண்ட ஒரு சிலர் சங்கத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு வரும் பணத்தைத் தம் வாசலோடு நிறுத்திக்கொள்வது நடக்கக் கூடியதே. வெளியார் நம்மீது கொள்ளும் ஐயத்துக்கு இதுவே வேர்.

இந்த ஐயத்துக்கு மருந்து பணத்தை மேலேயே நிறுத்திவைப்பது அன்று. கணக்கைக் கீழே இறக்குவதே. உறுப்பினர் எவரும் எழுந்து நின்று கேட்கக் கூடிய சபை, பொறுப்பாளர் மாறி மாறி வரும் ஏற்பாடு, ஊரின் கடைக்கோடித் தெருவிலிருந்தும் உறுப்பினர் இருத்தல், இவை இருக்கும் சங்கமே உள்ளூர் ஸ்தாபனம் என்னும் பெயருக்கு உரியது. மகளிர் குழு தன் உறுப்பினரின் சேமிப்பைக் கொண்டு நடப்பதால் இத்தன்மை அதற்கு இயல்பாகவே அமைந்தது. தன் பணம் உள்ளே இருப்பவர் கணக்குக் கேட்கத் தவறமாட்டார்.

மலைப்பகுதியில் இவ்வுண்மை இன்னும் அவசரமானது. கல்வராயன் மலைவாழ் மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024ஆம் ஆண்டில் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவம், வருவாய் ஆகியவற்றில் மலை பின்தங்கியிருப்பது யாவருக்கும் தெரிந்ததே. மலையில் கடுக்காயும் சாமையும் மரவள்ளியும் விளைகின்றன. விளைவிப்பவரும் சேகரிப்பவரும் மலையில் இருக்க, விலை சொல்பவர் சமவெளியில் இருக்கிறார். இந்நிலையில் வெளியிலிருந்து ஒரு திட்டம் வந்து உலர்களம் ஒன்று கட்டிக் கொடுத்துப் போனால் அது ஒரு நன்மை. அக்களத்தை நடத்தவும் எடைபோடவும் விலை பேசவும் வல்ல சங்கம் ஒன்றை மலைவாழ் மக்களிடையே வளர்த்துவிட்டுப் போனால் அது பெரு நன்மை. முன்னதற்குச் சில மாதங்கள் போதும். பின்னதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். ஓராண்டுத் திட்டத்தில் கட்டடம் எழும், சங்கம் எழாது.

நாம் செய்ய வேண்டியவை

அன்பர்களே! பிறரிடம் கோருமுன் நாம் ஆயத்தமாக வேண்டும். அதற்குச் சில வழிகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, கணக்கு. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு, பற்றுச்சீட்டுக் கோப்பு ஆகிய நான்கும் எந்நாளில் யார் வந்து கேட்டாலும் எடுத்து வைக்கும் நிலையில் இருத்தல் வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்தவர் சங்கத்துக்கு ஒருவர் என்று இராமல் மூவராவது இருக்க வேண்டும். ஒருவர் திருமணமாகி வேற்றூர் சென்றால் கணக்கும் உடன் போய்விடக் கூடாதன்றோ?

இரண்டாவது, சேர்க்கை. தனித்தனிக் குழுவின் குரல் ஒன்றியத்தைத் தாண்டாது. குழுக்கள் ஊராட்சி அளவில் கூட்டமைப்பாகச் சேர்ந்து, முறைப்படி பதிவு பெற்று, ஆண்டுதோறும் தணிக்கை செய்துகொண்டால், மூன்று ஆண்டுகளில் எவரும் மறுக்க முடியாத வரலாறு ஒன்று உருவாகும்.

மூன்றாவது, சொந்தப் பங்கு. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எதிரே நம்முடையது என்று காட்ட ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். அது பணமாயினும் உழைப்பாயினும் இடமாயினும் சரி. பங்கு இல்லாதவனுக்குப் பேச்சும் இல்லை.

நான்காவது, மச்சம். எத்திட்டம் வந்தாலும் அதன் மொத்தத் தொகை, நம் ஊருக்குரிய தொகை, பணிகளின் பட்டியல், முடியும் நாள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக் கிராம சபையில் படிக்கச் செய்யுங்கள். ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். அதுவே மாற்று உரைக்கும் கல்.

அரசாங்கத்தாரையும் உதவி அளிப்போரையும் நாம் வேண்டிக்கொள்பவை வருமாறு. சிறிய தொகை பெறும் சிறிய ஸ்தாபனங்களுக்கு எளிய விதிகளும், ஜில்லா அளவிலேயே வழிகாட்டும் அலுவலர் ஒருவரும் வேண்டும். விண்ணப்பமும் அறிக்கையும் தமிழில் எழுதி அனுப்ப இடமளிக்க வேண்டும். பணியை நன்கு செய்யத் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் அதை எழுதத் தெரியாமையே தடையாவது நியாயமன்று. திட்டத்தின் காலம் ஓராண்டு, ஈராண்டு என்றில்லாமல் ஐந்தாண்டு, ஆறாண்டாக இருக்க வேண்டும். புது வாழ்வுத் திட்டத்தில் செய்தது போல, ஊர்ச் சங்கத்தின் கணக்குக்கே பணம் நேரே வரும் முறையை அரசாங்கம் பெறும் கடனுதவித் திட்டங்கள் எல்லாவற்றிலும் இயன்றவரை கைக்கொள்ள வேண்டும். தணிக்கை கடுமையாக இருக்கட்டும். அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கதவு திறந்திருக்கட்டும்.

இறுதியாக ஒன்று. வெளிநாட்டு உதவி என்றும் நிலைத்திருப்பதன்று. டென்மார்க்கின் உதவி வந்தது, போயிற்று. சுவீடனின் உதவி வந்தது, போயிற்று. 2003ஆம் ஆண்டில் நம் அரசாங்கமே சிறிய நாடுகள் சிலவற்றின் நேரடி உதவி இனி வேண்டாம் என்று அறிவித்ததும் உண்டு. நாளை இன்னும் சில வாய்க்கால்கள் வற்றலாம். அது குறித்து நாம் வருந்த வேண்டியதில்லை. வாய்க்காலில் நீர் இருக்கும்போதே ஏரியைத் தூர் வாரிக் கரையைப் பலப்படுத்தி வைத்துக்கொள்வது உழவர் குடியின் அறிவு. உள்ளூர் ஸ்தாபனமே நம் ஏரி. அதற்கு நீர் வரும் வழியைத் திறந்துவிடுமாறு பிறரைக் கேட்போம்; அதன் கரையை நாமே காப்போம்.

இன்று மாலையே உங்கள் ஊர்களுக்குத் திரும்பியதும் அடுத்த குழுக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் முதல் தீர்மானமாக, கணக்கு எழுதப் பயிலவிருக்கும் மூவரின் பெயர்களை எழுதுங்கள். மற்றவை அதிலிருந்து தொடங்கும்.